அத்திப்பழத்துக்குள்ள பூச்சி, கெட்டுப்போன பழமா?

மரமண்டை77:
சிவக்க ஆரம்பிச்ச நாட்டு அத்திக்காய் ஒண்ண மரத்துலருந்து பறிச்சு பிட்டேன், உள்ள இருந்து பொடிப்பொடியா பூச்சி ஏறி வந்து விரல்ல ஊருது, சிலது பறந்தே போயிருச்சு. இன்னொண்ணு பிட்டேன், அதுலயும் அப்படியே. மரத்துக்கு நோயா? கடைல விக்கிற காஞ்ச அத்திலயும் இப்படித்தானா, சைவம் சாப்பிடுறவங்க அதைத் தொடக்கூடாதுன்னு வேற வாட்ஸப்ல வருது.

ஆலவிழுது:
நோயெல்லாம் இல்லங்க, அந்தப் பூச்சி இல்லன்னாதான் கவலைப்படணும். நீங்க பிட்டது பழமே இல்ல, உள்பக்கமா மடிஞ்ச பூங்கொத்து, நூத்துக்கணக்கான பூ உள்ளுக்குள்ளயே பூக்குது, "அத்தி பூத்த மாதிரி"ன்னு சொல்றோமே, கண்ணுல படாததுக்கு அதான் காரணம். நுனில ஒரு சின்ன துளை இருக்கும் பாருங்க, பெண் குளவி அது வழியா நெருக்கிக்கிட்டு நுழையும்போதே ரெக்கை பிஞ்சிரும். கொண்டுவந்த மகரந்தத்தை பூவுல சேத்துட்டு, சில பூவுல முட்டையும் வச்சுட்டு உள்ளயே செத்துரும். பொரிச்சு முதல்ல வெளிய வர்ற ஆணுக்கு ரெக்கையே கிடையாது, பெண்ணோட சேரும், காயோட சுவத்துல ஓட்டை போடும், அவ்ளோதான் அதோட வாழ்க்கை. அந்த ஓட்டை வழியா மகரந்தத்தோட பறந்து போறதுதான் பெண்ணு. நீங்க அதுக்கு முன்னாடியே கதவைத் தொறந்துவிட்டுட்டீங்க :)
"அத்திப்பழத்தை பிட்டுப் பாத்தா அத்தனையும் சொத்தை"ன்னு சொன்னவன் பாத்துட்டுதான் சொல்லிருக்கான்.

கொப்பும்கிளையும்:
காஞ்சு வர்றது சீமை அத்தி, அது வேற இனம், ரெண்டையும் போட்டு குழப்பிக்காதீங்க. அதுல நிறைய ரகம் குளவியே இல்லாம காய்க்கும். ஸ்மிர்னா மாதிரி சில ரகத்துக்குத்தான் குளவி வேணும், ஸ்மிர்னாவை 1880கள்ல கலிபோர்னியாவுல கொண்டுபோய் நட்டாங்க, மரம் வளந்துச்சு, காய் மட்டும் பிஞ்சுலயே உதிர்ந்துச்சு, 1899ல குளவியை அங்க குடியேத்துன பிறகுதான் பழம் நின்னுச்சு. பெண் மரத்துக் காய்ல நுழையுற குளவிக்கு முட்டை வைக்கவும் முடியாது, பூவோட தண்டு நீளம், எட்டாது, பாவம் வீணா சாகும். அதனால அந்த ரகத்துல செத்த குளவி இருக்க வாய்ப்பிருக்கு, ஆனா அத்திப்பால்ல புரதத்தைச் சிதைக்கிற ஃபைசின்னு ஒரு என்சைம் இருக்கு, முழுசா பூச்சியா கண்ணுல படாது. சைவமா அசைவமாங்கறது உங்க முடிவு, என்னைக் கேட்டா சாப்பிடுவேன்.
குளவி இல்லாம காய்க்கிறது இன்னிக்கு நேத்து வந்ததில்ல. ஜோர்டான் பள்ளத்தாக்குல கில்கால்ங்கற இடத்துல கிடைச்ச கருகுன அத்திப்பழம் சுமார் 11,400 வருஷம் பழசு, அந்த ரகம்னுதான் 2006ல எழுதுனாங்க. விதையால பெருகாது, மனுஷன் கொப்பை ஒடிச்சு நட்டிருக்கணும்ங்கறது அவங்க வாதம், அதை ஒத்துக்காதவங்களும் இருக்காங்க.

பட்டணத்துப்பல்லி:
ஆல், அரசு, இத்தி எல்லாம் இதே குடும்பம்தான், 750 இனத்துக்கு மேல, பெரும்பாலும் ஒவ்வொண்ணுக்கும் தனி குளவி. பழைய எகிப்துல காட்டத்திக்கு குளவி இல்ல, காயை கத்தியால கீறிவிட்டு பழுக்க வச்சாங்க, காயம் பட்டா பழுக்க வைக்கிற எத்திலீன் வாயு வரும்ல.

மரமண்டை77:
நன்றி மக்களே. இன்னொண்ணு பிட்டேன், லென்ஸ் வச்சு பாத்தா ரெக்கை இல்லாத ஒண்ணு ஓட்டை போட்டுக்கிட்டு இருக்கு. மூடி வச்சுட்டேன்.