பெங்களூரு – ஜெனீவா சார்ட்டர்: ஓவர்ஃப்ளைட் பெர்மிட்டை நாமே போடலாமா, ஏஜெண்டிடம் விடலாமா?

தேவனஹள்ளிக்காரன் கேட்டது:

வணக்கம். பெங்களூரில் ஒரு சின்ன சார்ட்டர் (வாடகை விமான) கம்பெனியில் ஆப்ஸ் டெஸ்க்கில், அதாவது பயண ஏற்பாடுகளைப் பார்க்கும் பிரிவில் இருக்கிறேன். இதுவரை உள்நாட்டு ஓட்டம்தான், மிஞ்சிப்போனால் மாலே, கொழும்பு. இப்போது ஒரு கஸ்டமர் அடுத்த மாதம் குடும்பத்தோடு ஜெனீவா போகவேண்டும் என்கிறார். எங்களிடம் இருப்பது சேலஞ்சர் 300, நேரடியாகப் போகாது, பஹ்ரைனில் இறங்கி ஃப்யூல் போட்டுக்கொண்டு போகலாம் என்று கேப்டன் சொல்கிறார். ரூட் மும்பை எஃப்ஐஆர் (மும்பை கண்ட்ரோலின் வான்பகுதி), மஸ்கட், எமிரேட்ஸ், பஹ்ரைன், அப்புறம் சவுதி, எகிப்து, கிரீஸ், இத்தாலி, சுவிஸ்.

பெர்மிட், ஹேண்ட்லிங் ஏற்பாடுகளைச் செய்து தரும் ஏஜெண்டான ஒரு ட்ரிப் சப்போர்ட் கம்பெனியிடம் கொட்டேஷன் வாங்கினோம். மேலே பறக்கவோ இறங்கவோ நாட்டுக்கு நாடு வாங்கவேண்டிய பெர்மிட்டுக்கு ஃபீ, அதன் மேல் சர்வீஸ் ஃபீ, பஹ்ரைனில் மட்டும் ஹேண்ட்லிங், சூப்பர்விஷன், டிஸ்பர்ஸ்மென்ட் என்று மூன்று தனி வரி. முதலாளி பார்த்துவிட்டு "நாலு ஈமெயில்தானே, நீயே போடு" என்கிறார். உண்மையிலேயே அவ்வளவுதானா? அந்த மூன்று வரிக்கு என்ன அர்த்தம்?

கலினா டிஸ்பாட்சர்:

தம்பி, பெர்மிட்டுக்கு முன்னால் ஒரு கேள்வி. கம்பெனிக்கு ஈயாசாவின் (ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை) டிசிஓ அங்கீகாரம், அதாவது வெளிநாட்டு ஆபரேட்டருக்கான அனுமதி, இருக்கிறதா? கஸ்டமர் காசு கொடுத்துப் போகிற பயணம் என்றால் அது கமர்ஷியல். ஐரோப்பிய யூனியனுக்கு வெளியே உள்ள ஆபரேட்டர் அங்கே கமர்ஷியலாக இறங்க டிசிஓ வேண்டும், சுவிட்சர்லாந்தும் அந்த ஏற்பாட்டுக்குள்தான் இருக்கிறது. விண்ணப்பத்தையே குறைந்தது 30 நாள் முன்னால் கொடுக்கவேண்டும் என்று விதி. அடுத்த மாதம் பயணம் என்கிறாய், இன்றைக்கே பார். ஓனரே தன் சொந்த விமானத்தில் போனால் கதை வேறு, ஆனால் சார்ட்டரைப் பிரைவேட் என்று எழுதி அனுப்பும் வேலை மட்டும் வேண்டாம், இன்ஷூரன்ஸே செல்லாமல் போய்விடும்.

டிசிஓ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஐரோப்பாவில் மேலே பறப்பதற்கு மட்டும் பெரும்பாலும் தனி பெர்மிட் கேட்கமாட்டார்கள், ஃப்ளைட் பிளான் போதும், பில் பின்னால் யூரோகண்ட்ரோலிலிருந்து (ஐரோப்பிய வான்வழிக் கட்டணத்தை வசூலிக்கும் அமைப்பு) வரும். அந்தக் கணக்கை முதலாளியிடம் இப்போதே சொல்லி வை: கிலோமீட்டரை 100-ஆல் வகுத்து, டன் கணக்கிலுள்ள எடையை 50-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுத்து, இரண்டையும் பெருக்கி, அந்தந்த நாட்டின் யூனிட் ரேட்டால் பெருக்குவார்கள். 17.6 டன் சேலஞ்சருக்கு எடைக் காரணி சுமார் 0.59. பயப்படும் தொகை இல்லை, ஆனால் பயணம் முடிந்து மறந்துபோன நேரத்தில் வந்து நிற்கும்.

வேலை இருப்பது வளைகுடாவிலும் எகிப்திலும்தான். அனுப்பவேண்டியது என்னவோ எல்லா இடத்திலும் ஒன்றுதான்: ரெஜிஸ்ட்ரேஷன், ஏர்வொர்தினஸ் (பறக்கத் தகுதி), நாய்ஸ் (இரைச்சல் அளவு) சான்றிதழ்கள், இன்ஷூரன்ஸ், ஏஓபி (கம்பெனியின் ஆபரேட்டர் பெர்மிட்), விமானிகளின் லைசென்ஸ், யார் போகிறார்கள், எதற்குப் போகிறார்கள். இன்ஷூரன்ஸ் பயணத்துக்கு நடுவில் காலாவதியாகிறதா என்று பார். போகும்போது செல்லும், திரும்பும்போது செல்லாது என்றால் ரிட்டர்ன் செக்டாரை மட்டும் நிராகரிப்பார்கள். கால்சைனும் அப்படித்தான். பெர்மிட்டில் விடி எண் (விமானத்தின் இந்தியப் பதிவு எண்) போட்டுவிட்டு ஃப்ளைட் பிளானில் கம்பெனியின் மூன்றெழுத்துக் கால்சைன் போட்டால், அங்கே கண்ட்ரோலர் கையில் இருக்கும் பட்டியலில் நீ இல்லாத ஆள்.

நேரம் எல்லாம் யூடிசியில், அதாவது இந்திய நேரத்தைவிட ஐந்தரை மணி நேரம் பின்தங்கிய உலகப் பொது நேரத்தில். சனிக்கிழமை அதிகாலை 1:30-க்குக் கிளம்பினால் பெர்மிட்டில் அது வெள்ளி இரவு 20:00. தேதியே மாறிவிடும். இதில் தவறு நடக்காத ஆப்ஸ் டெஸ்க் இந்தியாவிலேயே இருக்காது என்பது என் எண்ணம்.

என் கருத்து, நீயே போடு. ஒருமுறை போட்டால்தான் பழகும்.

கீதா, டெல்லி:

கலினா அண்ணன் சொன்ன மற்ற எல்லாமும் சரி, கடைசி வரி மட்டும் சரியில்லை. முதல் ஐரோப்பா பயணத்திலேயே எல்லாவற்றையும் தலையில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நான் இங்கே பெர்மிட் டெஸ்க்கில் வேலை பார்த்தவள். விண்ணப்பம் அனுப்புவது பத்து நிமிட வேலைதான். பணம் கொடுப்பது அதற்கு அப்புறம் நடக்கும் வேலைக்கு. சவுதி, எகிப்து, பஹ்ரைன் மூன்றிலும் வாரவிடுமுறை வெள்ளி-சனி, சுவிஸில் சனி-ஞாயிறு. வியாழன் மதியம் நீங்கள் ஒரு திருத்தம் அனுப்பினால் எல்லா அலுவலகமும் ஒன்றாகத் திறந்திருக்கும் அடுத்த நாள் திங்கள். அந்த இடைவெளியில் அவசர எண்ணில் யாரை எழுப்பலாம், யார் எடுப்பார்கள் என்று தெரிந்த உள்ளூர் ஆள்தான் நீங்கள் வாங்கும் சேவை. அந்த ஆள் இல்லாத ட்ரிப் சப்போர்ட் கம்பெனி உங்கள் மெயிலை ஃபார்வர்டு செய்வதோடு சரி. அப்படியும் ஒரு கம்பெனியைப் பார்த்திருக்கிறேன், பெயர் வேண்டாம், பெர்மிட் வந்துவிட்டது என்று எண் கொடுத்தார்கள், அது போன மாதத்து எண்.

இரண்டாவது, ரூட் மாறும். 2025 ஜூன் 13-ல் இஸ்ரேல் ஈரானைத் தாக்கியதும் ஈரான், ஈராக், ஜோர்டான் வான்வெளி மூடப்பட்டது, 23-ம் தேதி இரவு கத்தார், பஹ்ரைன், குவைத், எமிரேட்ஸ் நான்கும் சில மணி நேரம் மூடின. நீங்கள் ஃப்யூலுக்கு இறங்க நினைக்கும் அதே பஹ்ரைன். டெல்லியில் இருப்பவர்களுக்கு இது தினசரிப் பாடம். 2025 ஏப்ரல் 24-ல் பாகிஸ்தான் நம் விமானங்களுக்கு வானத்தை மூடியதும் இண்டிகோவே அல்மாட்டி, தாஷ்கண்ட் சேவைகளை நிறுத்தவேண்டி வந்தது, ஏனென்றால் சுற்றிப்போக அந்த விமானங்களுக்கு ரேஞ்ச் இல்லை. அதனால் மாற்று ரூட்டுக்கும் ரியாத் லேண்டிங்குக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். பயன்படுத்தாத பெர்மிட்டின் ஃபீ போனால் போகிறது. கம்பெனியில் இன்னொரு விமானம் இருந்தால் அதன் பதிவு எண்ணையும் மாற்றாக அதே விண்ணப்பத்தில் எழுதுங்கள், பல நாடுகள் ஏற்றுக்கொள்ளும்.

பிரித்துக்கொள்ளுங்கள் என்பதுதான் என் யோசனை. இந்தியப் பக்கம், டிசிஓ, ஜெனீவா ஸ்லாட் (இறங்கவும் கிளம்பவும் ஏர்போர்ட் ஒதுக்கும் நேரம்), சுவிஸ் பக்கம் எல்லாம் நீங்கள். மஸ்கட்டிலிருந்து எகிப்து வரை ஏஜெண்ட். ஜெனீவாவில் பிசினஸ் ஜெட்டுக்கும் ஸ்லாட் உண்டு, அதைக் கடைசியில் பார்க்கலாம் என்று விடாதீர்கள். ஜனவரியில் டாவோஸ் மாநாடு நடக்கும் வாரம் என்றால் பார்க்கிங் கனவுதான்.

ராம்ப்பில் நிற்பவன்:

அந்த மூன்று வரியை நான் சொல்கிறேன், பெங்களூரு ஏர்போர்ட்டில் ஹேண்ட்லிங் பக்கம் இருக்கிறேன்.

ஹேண்ட்லிங் என்பது பஹ்ரைனில் உண்மையாக வேலை செய்கிறவனுக்கு: மார்ஷலிங் (விமானத்தை நிறுத்த வழிகாட்டுவது), ஜிபியு (தரையிலிருந்து மின்சாரம் கொடுக்கும் வண்டி), டாய்லெட் வண்டி, தண்ணீர், வேன். சூப்பர்விஷன் என்பது ட்ரிப் சப்போர்ட் கம்பெனி தன் ஆள் ஒருவரை நிறுத்தி மேற்பார்வை பார்ப்பதற்கு. டிஸ்பர்ஸ்மென்ட் என்பது ஏர்போர்ட் கட்டணம், ஃப்யூல் எல்லாவற்றையும் உங்கள் சார்பில் அவர்கள் முன்பணமாகக் கட்டுவதற்கு எடுக்கும் சதவீதம். ஃப்யூலுக்கு உங்களிடமே கார்டோ கிரெடிட் ஏற்பாடோ இருந்தால் சதவீதம் விழும் தொகை நன்றாகக் குறையும். சும்மா ஃப்யூல் போட இறங்குகிற இடத்தில் சூப்பர்விஷன் எதற்கு? அதை வெட்டச் சொல்லுங்கள், பெரும்பாலும் வெட்டுவார்கள். ஜெனீவாவில் வேண்டுமானால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஹேண்ட்லரிடம் எழுத்தில் கேட்கவேண்டியது: சேலஞ்சருக்கான டோபார் (விமானத்தை இழுக்க மாட்டும் கம்பி) இருக்கிறதா. "எல்லாம் இருக்கு சார்" என்பான், விமானம் வந்து நின்ற பிறகு பக்கத்து ஹேங்கரில் கடன் கேட்பான். பிசினஸ் ஜெட்டுக்கு டைப்புக்கு ஒரு ஹெட், பொதுவாக ஒன்று எல்லாவற்றுக்கும் பொருந்தாது. அப்புறம் ஃப்யூல் ரிலீஸ் பேப்பர் (இந்த விமானத்துக்கு ஃப்யூல் கொடுக்கலாம் என்ற ஒப்புதல்) ஃப்யூல் வண்டிக்காரர் கையில் போய்ச் சேர்ந்ததா என்று கிளம்புவதற்கு முன்னாலேயே உறுதி செய்யுங்கள். ஹேண்ட்லரிடம் இருந்தால் போதாது, ஹோஸைப் பிடிக்கிறவரிடம் இருக்கவேண்டும்.

ஹேண்ட்லர் யார் என்பதையும் முந்தின நாள் மறுபடி கேளுங்கள். 2025 மே 15-ல் செலெபி என்ற துருக்கி ஹேண்ட்லிங் கம்பெனியின் பாதுகாப்பு அனுமதி ரத்தானபோது இங்கே பல ஏர்போர்ட்டில் விமானங்களும் ஆட்களும் வேறு கம்பெனிக்கு மாறினார்கள். பழைய கம்பெனிக்கே மெயில் போட்டுக்கொண்டு இருந்தவர்கள் இருந்தார்கள்.

தேவனஹள்ளிக்காரன்:

கீதா அக்கா, அண்ணன்களே, நன்றி. டிசிஓ விஷயம் எங்களில் யாருக்கும் தோன்றவே இல்லை, இப்போதே முதலாளியிடம் போகிறேன். ஒரே ஒரு சந்தேகம். கஸ்டமர் குடும்பம், தாமதம் நிச்சயம். மூன்று மணி நேரம் தள்ளிப்போனால் எல்லா பெர்மிட்டும் மறுபடியா?

கீதா, டெல்லி:

இல்லை. பல நாடுகள் குறித்த நேரத்திலிருந்து 72 மணி நேரம் வரை செல்லும் என்று கொடுப்பார்கள், சில இடத்தில் அதைவிடக் குறைவு, பெர்மிட் தாளிலேயே எழுதியிருக்கும். அதை நாட்டுவாரியாக ஒரு பக்கத்தில் எழுதி விமானியிடமும் கொடுங்கள். உங்களைக் கடிப்பது பெர்மிட் அல்ல, ஜெனீவா ஸ்லாட். அதற்குப் பல மணி நேர அவகாசம் எல்லாம் கிடையாது. இந்தியப் பக்கத்திலும் எஃப்ஐசி எண் (விமானத் தகவல் மையம் கொடுப்பது), ஏர் டிஃபென்ஸ் கிளியரன்ஸ் எண் (விமானப்படை கொடுப்பது) இரண்டும் புதிய நேரத்துக்கு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் எஞ்சின் ஸ்டார்ட்அப் கேட்கவேண்டும்.

கலினா டிஸ்பாட்சர்:

குடும்பத்திடம் கிளம்பும் நேரத்தை ஒரு மணி நேரம் முன்னதாகவே சொல்லிவிடு தம்பி. இது எந்த மேனுவலிலும் இல்லை. பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று கேட்கவும் மறக்காதே. வேட்டைத் துப்பாக்கி அது இது என்று யாராவது கொண்டுவந்தால், மேலே பறக்கும் நாடுகளில் சிலவற்றுக்கும் தனி அனுமதி கேட்கவேண்டி வரும், அதற்குப் பத்து நிமிடமும் போதாது பத்து நாளும் போதாது.