மருந்து ஆய்வின் மூலத் தரவு: பூட்டுவதா, திறந்து வைப்பதா?

கல்வம்:
என் முனைவர் பட்ட ஆய்வு ஒரு மாத்திரையின் நிலைப்புத்தன்மை பற்றியது. எனக்கு முன்னால் அதே ஆய்வகத்தில் இருந்தவர் அந்த மாத்திரையை 40 டிகிரி வெப்பத்திலும் 75 சதவீத ஈரப்பதத்திலும் ஆறு மாதம் வைத்துப் பார்த்துக் கட்டுரை எழுதியிருந்தார். அவருக்குக் கிடைத்த எண்கள் எனக்கு வரவே இல்லை. சரி, மூலத் தரவைப் பார்க்கலாம் என்று தேடினால் ஒரு சிடி அகப்பட்டது. அதிலிருந்த எச்பிஎல்சி (மருந்தின் கூறுகளைப் பிரித்து அளக்கும் கருவி) கோப்புகளைத் திறக்க முடியவில்லை. அந்தப் பழைய மென்பொருள் இருந்த கணினி எப்போதோ காயலான் கடைக்குப் போய்விட்டது. அச்சுப் பிரதிகளோ வெப்பத் தாளில். பாதி வெளுத்துவிட்டது. வரைபடத்தில் ஒரு கூறைக் காட்டும் முகடு, அதாவது பீக், எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று அவர் எப்படிக் கோடு போட்டார் என்பது தெரிந்திருந்தால் அரை மணி நேரத்தில் முடிகிற விஷயம். எட்டு மாதம் போனது.

அதனால் சொல்கிறேன். கட்டுரை வரும் அன்றே மூலத் தரவும் பொதுவில் வந்துவிட வேண்டும், எந்த மென்பொருளிலும் திறக்கிற வடிவத்தில். மனிதர்களிடம் நடத்தும் சோதனைகளுக்கும் இதே விதிதான்.

வேம்படி:
உங்கள் கடைசி வரியை என்னால் ஏற்க முடியாது. நான் மருந்துச் சோதனை ஒருங்கிணைப்பாளர். பெயரை நீக்கினால் போதும் என்று நினைக்கிறீர்கள். 1990களில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் அரசு ஊழியர்களின் மருத்துவப் பதிவுகளைப் பெயர் நீக்கி ஆய்வுக்குக் கொடுத்தார்கள். லட்டான்யா ஸ்வீனி என்ற மாணவி 20 டாலருக்கு வாக்காளர் பட்டியலை வாங்கி, பிறந்த தேதி, பாலினம், அஞ்சல் குறியீடு மூன்றையும் ஒப்பிட்டு, ஆளுநர் வில்லியம் வெல்டின் பதிவையே கண்டுபிடித்துவிட்டார்.

நாங்கள் பார்ப்பது ஓர் அரிய நோய். ஒரு தாலுகா முழுவதும் தேடினாலும் அந்த நோயோடு ஒரே ஒரு பெண்தான் இருப்பார். வயதும் மாவட்டமும் போதும், ஊரே கண்டுபிடித்துவிடும். கைநாட்டு வைத்தவரிடம் "இந்த ஆய்வுக்கு மட்டும்தான்" என்று படிவத்தைப் படித்துச் சொன்னது நான். அந்த வார்த்தையை எப்படி மீறுவது?

கல்வம்:
பூட்டி வைத்ததால் என்ன நடந்தது என்றும் பாருங்கள் அக்கா. ஸ்டடி 329 என்று ஒரு மருந்துச் சோதனை. மனச்சோர்வு உள்ள வளரிளம் பருவத்தினர் 275 பேர், மருந்து பராக்சிட்டின். 2001இல் வந்த கட்டுரை, மருந்து பலன் தருகிறது, உடம்பு தாங்கிக்கொள்கிறது என்றது. தற்கொலை எண்ணமும் முயற்சியும் அதில் "உணர்ச்சித் தடுமாற்றம்" என்ற தலைப்புக்குள் போயிருந்தன. 2015இல் வேறொரு குழு மூல ஆவணங்களைப் படித்து, அதே சோதனையை பிஎம்ஜே என்ற பிரிட்டிஷ் மருத்துவ இதழில் மறுபடி எழுதியது. வெற்று மாத்திரையைவிட மருந்து மேலாக ஒன்றும் செய்யவில்லை. கட்டுரையில் ஐந்தாக இருந்த தற்கொலை சார்ந்த நிகழ்வுகள் பதினொன்றாயின, பராக்சிட்டின் எடுத்த 93 பேரில். இடையில் 14 வருடம். எத்தனை பிள்ளைகளுக்கு அந்தச் சீட்டு எழுதப்பட்டிருக்கும்?

வேம்படி:
அதை நினைத்தால் எனக்கும் பதறுகிறது. ஆனால் அந்த மூல ஆவணங்களின் 77,000 பக்கங்களும் இணையத்தில் கொட்டிக் கிடக்கவில்லையே. மருந்து நிறுவனம் கொடுத்த பாதுகாப்பான கணினித் திரை வழியாகத்தான் படித்தார்கள். பூட்டிய அறைக்குள் வைத்தே உண்மை வெளியே வந்தது.

தராசு:
நான் உயிரிப் புள்ளியியல். அந்தத் திரை வழியாக மூன்றில் ஒரு பங்கு படிவங்களைப் படிக்கவே அவர்களுக்குச் சுமார் ஆயிரம் மணி நேரம் ஆனது. பூட்டு இருக்கட்டும், சாவி மருந்து விற்பவரிடம் இருக்கக் கூடாது. 2014இல் ஜான்சன் அண்ட் ஜான்சன் தன் சோதனைத் தரவை யாருக்குக் காட்டுவது என்ற முடிவை யேல் பல்கலைக்கழகத்தின் யோடா திட்டத்திடம் விட்டது. அப்படி மூன்றாவது கை ஒன்று வேண்டும்.

கல்வம்:
அப்படியென்றால் மனிதச் சோதனைக்கு நான் இறங்கி வருகிறேன். மாத்திரை, கரைதிறன், குரோமட்டோகிராம் (எச்பிஎல்சி தரும் வரைபடம்) எல்லாம் முழுக்கத் திறந்திருக்கட்டும். அதில் யாருடைய மானமும் போகாது. ஆனால் அக்கா, இனி வரும் படிவத்தையாவது மாற்றலாமே?

வேம்படி:
மாற்றிவிட்டோம். இப்போது தனியாக ஒரு வரி இருக்கிறது: "என் பெயரும் ஊரும் நீக்கிய விவரங்களை வேறு ஆய்வாளர்கள் அனுமதி பெற்றுப் பார்க்கலாம். ஆம் / இல்லை." போன வாரம் ஒரு பெரியவர், "நான் போன பிறகும் பார்ப்பார்களா?" என்று கேட்டார். பார்ப்பார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்து "இல்லை"யில் டிக் செய்தார். அது அவர் உரிமை.

தராசு:
உரிமைதான். ஆனால் 329இல் தற்கொலைக் கணக்கு ஐந்திலிருந்து பதினொன்றானது கூடுதலாகத் தெரியவந்த அந்த ஆறு பேரால். அவர்கள் "இல்லை" என்றிருந்தால்? மறு ஆய்வுக்கு வரும் தரவில் யார் விடுபட்டார்கள், எத்தனை பேர், எந்தக் குழுவில் என்ற எண்ணிக்கையாவது தரவுக் களஞ்சியத்தில் இருக்க வேண்டும். அதைத் தர உங்கள் படிவம் இடம் கொடுக்குமா?

வேம்படி:
இப்போதைய வாசகம் இடம் கொடுக்காது. அடுத்த நெறிமுறைக் குழுக் கூட்டத்தில் கேட்கிறேன்.