விதை போட்டுக் குட்டைக் காலிஃபிளவர் எடுத்தவர்கள் அனுபவத்தைச் சொல்லுங்கள், என்னுடையது இதோ

எல்லோருக்கும் வணக்கம். கோவை வடவள்ளியில் இருக்கிறேன். வீட்டுக்குப் பின்னால், துணி துவைக்கும் கல்லுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் நடுவில் பத்தடி நீளம், நாலடி அகலத்தில் ஒரு துண்டு மண் இருக்கிறது. மூன்று வருடமாக அதில் காலிஃபிளவர் போடுகிறேன். முதல் இரண்டு வருடமும் சமைக்கிற அளவுக்கு ஒரு பூகூட வரவில்லை. போன மார்கழியில் பதினாறு பூ எடுத்தேன். இடையில் என்ன மாறியது என்று எழுதி வைத்தால், இந்த ஆவணியில் விதைக்கப் போகிறவர்களுக்கு உதவும்.

குட்டை ரகம்தான் வேண்டும் என்று முடிவு செய்ததற்குக் காரணம் இடம். பெரிய ரகங்களுக்குச் செடிக்குச் செடி இரண்டடி விட வேண்டும். குட்டைச் செடி ஒன்றேகால் அடிக்குள் அடங்கிவிடும், இலையும் படராமல் நிமிர்ந்து நிற்கும். பூ 300, 400 கிராம்தான் வரும். எங்கள் வீட்டில் நாலு பேர், ஒரு வேளைக்கு அது போதும்.

முதல் வருடம் பாக்கெட்டில் 'ஸ்நோபால், குட்டை ரகம்' என்று இருந்ததைப் பார்த்து வாங்கி, தை மாதம் விதைத்தேன். விதை பார்ப்பதற்குக் கடுகு மாதிரியேதான் இருக்கும். ஐந்தாம் நாள் எல்லாமே முளைத்துவிட்டது. செடியும் அழகாக வளர்ந்தது. சித்திரை வரைக்கும் இலை மேல் இலையாக விட்டுக்கொண்டே போனதே தவிர, பூ மட்டும் எட்டிப் பார்க்கவில்லை. உரம் போதவில்லை என்று நினைத்துக் கடலைப் புண்ணாக்குக் கரைசலை ஊற்றிக்கொண்டே இருந்தேன். குறை உரத்தில் இல்லை. ஸ்நோபால் வகை பூ வைக்க 10 முதல் 16 டிகிரி வரை குளிர் கேட்கும். கோவையில் மார்கழி ராத்திரியிலேயே பெரும்பாலும் 18, 19இல் நின்றுவிடும். நான் விதைத்ததோ வெயிலை நோக்கிப் போகிற மாதத்தில்.

அப்புறம்தான் ரகங்களைப் பற்றிப் படித்தேன். காலிஃபிளவர் நம் நாட்டுக்கு 1822இல் இங்கிலாந்திலிருந்து வந்தது, முதலில் உத்தரப் பிரதேசத்துச் சஹாரன்பூர் தாவரவியல் தோட்டத்தில்தான் விதைத்துப் பார்த்தார்கள். அங்கிருந்து வடநாட்டு விவசாயிகள் கைக்குப் போனபோது, வெயிலையும் மழையையும் தாங்கிப் பூத்த செடியாகப் பார்த்து அதிலேயே விதை எடுத்து, தலைமுறை தலைமுறையாக அதையே விதைத்து வந்திருக்கிறார்கள். இன்றைக்கு 20, 25 டிகிரியிலும் பூக்கிற முன்பருவ ரகங்கள் நமக்கு இருப்பது அவர்கள் புண்ணியத்தில்தான். டெல்லி இந்திய வேளாண் ஆராய்ச்சி நிறுவனத்தின் பூசா தீபாளி, பூசா மேக்னா எல்லாம் இந்த வகை. பாக்கெட்டில் 'குட்டை' என்று எழுதியிருக்காது. ஆனால் செடி அடக்கமாகத்தான் வரும். சமவெளியில் இருப்பவர்கள் தேட வேண்டிய வார்த்தை 'முன்பருவம்'. இதை யாராவது அன்றைக்கே சொல்லியிருந்தால் எனக்கு ஒரு வருடம் மிச்சமாகியிருக்கும்.

இரண்டாம் வருடம் சரியான விதை, சரியான மாதம். ஆனால் நாற்று தட்டில் இருந்தபோது அம்மாவுக்கு உடம்பு சரியில்லாமல் போய், நான் ஆஸ்பத்திரியிலேயே இருந்துவிட்டேன். 25 நாளில் எடுத்து நட வேண்டிய நாற்றை 50 நாள் கழித்துத்தான் நட்டேன். தண்டு முற்றிக் கெட்டியாகிவிட்டது, அடி இலை மஞ்சளாகியிருந்தது. நட்ட மூன்றாவது வாரமே பூ வைத்தது! சந்தோஷமாக இருந்தது. ஆனால் எலுமிச்சம்பழம் அளவோடு நின்றுவிட்டது. இதைப் 'பட்டன் பூ' என்கிறார்கள். சின்ன வயதில் வளர்ச்சி தடைபட்டால், செடி அவசர அவசரமாகப் பூத்து முடித்துக்கொள்ளும். பூவுக்குச் சாப்பாடு போடுவது இலை. இலை பெருக்காமல் பூ பெருக்காது.

அதனால் போன வருடம் ஒரே விஷயத்தில்தான் கண்ணாக இருந்தேன்: விதைத்த நாளிலிருந்து பூ வரும்வரை செடி ஒரு நாள்கூட வாடக் கூடாது, பசிக்கக் கூடாது.

ஆவணி கடைசியில் தேங்காய் நார்க்கழிவும் மண்புழு உரமும் சரிபாதி கலந்து, கொஞ்சம் டிரைக்கோடெர்மா விரிடி (நாற்று அழுகாமல் காக்கும் நன்மை செய்யும் பூஞ்சை) சேர்த்து நாற்றுத்தட்டில் போட்டேன், குழிக்கு ஒரு விதை. முளை கண்ணில் பட்ட அன்றே காலை வெயிலுக்கு மாற்றிவிட்டேன். நிழலில் ஒரு நாள் அதிகமாக இருந்தாலும் நாற்று நூல் மாதிரி நீண்டு சாய்ந்துவிடும். நாலைந்து இலை வந்ததும், 26ஆம் நாள் சாயங்காலம் நட்டேன். மக்கிய சாணி உரமும் வேப்பம் புண்ணாக்கும் இரண்டு வாரம் முன்பே மண்ணில் கலந்திருந்தேன். பத்து நாளைக்கு ஒரு தடவை மீன் அமிலம் (மீன் கழிவை வெல்லத்தோடு ஊற வைத்து எடுக்கும் கரைசல்) தெளிப்பு, வேருக்குக் கடலைப் புண்ணாக்குக் கரைசல்.

புழு வந்தது, வராமல் இருக்காது. இலையில் அங்கங்கே கண்ணாடித் தாள் ஒட்டியது போல மெல்லிய திட்டுகள் தெரிந்தால், அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். சின்னப் பச்சைப் புழு இருக்கும். விரலால் தொட்டால் துள்ளி, ஒரு நூலில் தொங்கும். அதுதான் வைர முதுகு அந்துப்பூச்சியின் புழு. தினமும் காலையில் காப்பி குடித்ததும் பத்து நிமிடம் நசுக்குவேன். வேப்பெண்ணெய் தெளிக்கும்போது காதி சோப்புக் கரைசல் கட்டாயம் சேர்க்க வேண்டும். இந்த இலையில் மெழுகுப் பூச்சு இருப்பதால், வெறும் தண்ணீர் சேப்பங்கிழங்கு இலையில் உருளுவது போல உருண்டு ஓடிவிடும். பாத்தி ஓரத்தில் கடுகும் விதைத்தேன். தாய்ப்பூச்சி நிறைய அங்கே போய் முட்டையிட்டது.

கார்த்திகை பாதியில் ஒரு நாள், நடுக்குருத்து இலைகள் உள்பக்கமாக முறுக்கிக்கொண்டு நின்றன. மெதுவாக விலக்கிப் பார்த்தேன். உள்ளே புளியங்கொட்டை அளவுக்கு, பாலாடை நிறத்தில் ஒரு பொட்டு. என் மாமியாரைக் கூப்பிட்டுக் காட்டினேன், அவர் குனிந்து ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கோழி முட்டை அளவு வந்ததும், மேல் இலைகளைச் சேர்த்து வாழைநாரால் தளர்வாகக் கட்டிவிட்டேன். வெயில் பட்டால் பூ மஞ்சளாகிவிடும். அடுத்த பத்துப் பன்னிரண்டு நாளில் அறுவடை. முதல் பூ 380 கிராம்.

உங்கள் ஊரில் எப்படி வந்தது என்று எழுதுங்கள்.

ஓசூரிலிருந்து

அக்கா, உங்கள் அம்மா இப்போது நலமா?

எங்கள் ஊர்க் குளிருக்குப் பூ வருவது பிரச்சினையே இல்லை, ஸ்நோபால் வகையே நன்றாக வரும். எனக்கு வந்த சிக்கல் வேறு. வெளியே பார்க்கப் பூ வெள்ளையாக இருந்தது, அறுத்தால் தண்டு உள்ளே பொந்து. சில பூக்களில் டீ சிந்தியது போலப் பழுப்புத் திட்டு. போரான் சத்துக் குறைவு என்று பக்கத்துத் தோட்டத்துப் பெரியவர் சொன்னார். அடுத்த தடவை நட்ட மூன்றாம் வாரம் லிட்டர் தண்ணீருக்கு ஒரு கிராம் போராக்ஸ் கலந்து ஒரே ஒரு தடவை தெளித்தேன். திட்டு வரவில்லை. அளவு கூடினால் செடியைக் கருக்கிவிடும், கண் மதிப்பில் போடாதீர்கள்.

சென்னையிலிருந்து

மாடித்தோட்டம், வளர்பையில் எட்டுச் செடி. 2023 டிசம்பரில் பூ வைக்கிற நேரத்தில் மிக்ஜாம் புயல் வந்தது. இரண்டு நாள் மழையில் பைகளில் தண்ணீர் நின்று ஐந்து செடி வேர் அழுகிப் போயின. சின்ன வயதிலிருந்து பார்த்துப் பார்த்து வளர்த்தது, மனசு கேட்கவில்லை. மிஞ்சிய மூன்றில் ஒன்று நல்ல பூ. ஒன்று இடைவெளி விட்டு, மேலே அரிசி தூவியது போல சொரசொரவென்று வந்தது. வெப்பம் ஏறி இறங்கினால் அப்படி ஆகுமாம். ருசியில் குறை இல்லை, பொரியல் செய்தோம். இப்போது பைகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, அடியில் இரண்டு ஓட்டைக்குப் பதில் ஆறு போட்டிருக்கிறேன்.

அக்கா, ஒரு சந்தேகம். ஒரே நேரத்தில் பதினாறு பூவையும் என்ன செய்தீர்கள்?

கோத்தகிரியிலிருந்து

நாங்கள் மலையில் இருப்பதால் எல்லோரும் பொறாமைப்படுவார்கள். ஆனால் எங்களுக்கு மண் புளிப்பு, அதாவது அமிலத்தன்மை அதிகம். அதில் வேர் வீங்கும் நோய் எளிதில் வரும். மத்தியானம் செடி துவண்டு, சாயங்காலம் நிமிர்ந்தால் நான் உடனே ஒன்றைப் பிடுங்கிப் பார்ப்பேன். வேர் இஞ்சிக் கிழங்கு போல வீங்கியிருந்தால் அந்த இடத்தில் கோசு, பூக்கோசு, முள்ளங்கி, கடுகு எதையும் பல வருடத்துக்குப் போட முடியாது. நோய் மண்ணிலேயே தங்கிவிடும். சுண்ணாம்பு போட்டுப் புளிப்பைக் குறைத்து, பீன்ஸ், கேரட் என்று மாற்றி மாற்றிப் போடுகிறோம். சின்னத் தோட்டம் வைத்திருப்பவர்கள் வெளியிலிருந்து நாற்று வாங்காமல் விதையிலிருந்து ஆரம்பிப்பது இதற்காகவே நல்லது. வாங்கிய நாற்றின் வேரில் ஒட்டிக்கொண்டுதான் எங்கள் தோட்டத்துக்கு இந்த நோய் வந்தது.

மறுபடியும் வடவள்ளி

அம்மா இப்போது நன்றாக இருக்கிறார், கேட்டதற்கு நன்றி தம்பி. போராக்ஸ் அளவைக் குறித்துக்கொண்டேன்.

சென்னைத் தங்கைக்கு: நீங்கள் சொன்னது சரிதான், எட்டு நாளுக்குள் எல்லாமே முதிர்ந்துவிட்டன. அக்கம்பக்கத்தில் ஆறு பூ கொடுத்தேன். மீதியை மஞ்சள் தூளும் உப்பும் போட்ட வெந்நீரில் கொஞ்ச நேரம் வைத்து, புழு இல்லை என்று பார்த்துத்தான் சமைத்தோம். இலையைக்கூட விடவில்லை. குருத்து இலையைப் பொடியாக நறுக்கிப் பாசிப்பருப்புப் போட்டுக் கூட்டு வைத்தார் மாமியார், முருங்கைக்கீரையைவிட எனக்கு அது பிடித்துவிட்டது. இந்தத் தடவை ஒரேயடியாகப் போடாமல், பத்து நாள் இடைவெளியில் எட்டு எட்டாக இரண்டு தட்டு போடப் போகிறேன். முதல் தட்டுக்கு நார்க்கழிவை நேற்று ராத்திரி ஊற வைத்தாயிற்று.