மட்டையில் பவுடர் பூசிப் பழகுவது சரியா?

செல்வி, சுங்கை சிப்புட்:
எங்கள் தோட்டத்துப் பிள்ளைகள் பதினொரு பேருக்குச் சனிக்கிழமைதோறும் சாப்ட்பால் (பேஸ்பால் போன்ற மட்டைப்பந்து ஆட்டம்) சொல்லிக்கொடுக்கிறேன். மூன்று வாரமாக முகப்பவுடரைத் தண்ணீரில் குழைத்து மட்டையில் பூசி, காய்ந்த பிறகு அடிக்கச் சொல்கிறேன். பந்து பட்ட இடத்தில் தடம் விழுகிறது. ஒன்பது வயதுப் பெண் ஒருத்தி, தன் தடங்கள் எல்லாம் கைப்பிடிப் பக்கமே கிடப்பதைப் பார்த்து, யாரும் சொல்லாமலே அரை அடி தள்ளி நின்றாள். நான் தொண்டை வறளக் கத்தியும் நடக்காத காரியம் அது. லாரி டயரை மரத்தில் கட்டியும் அடிக்கவைக்கிறேன். மட்டை பட்டதும் அப்படியே நிற்க வேண்டும். மேல் கையின் உள்ளங்கை வானத்தையும் கீழ்க் கையின் உள்ளங்கை தரையையும் பார்க்கிறதா என்று சரிபார்ப்போம். வேறு யாராவது இப்படிச் செய்கிறீர்களா?

பழைய கேட்சர், கோலகங்சார்:
சகோதரி, எனக்கு உடன்பாடில்லை. பந்து தரையில் உருண்டால் மட்டை அதன் தலையில் பட்டது. உயரே எழும்பிச் சோர்ந்து விழுந்தால் அடியில் பட்டது. பிள்ளை படிக்க வேண்டியது அதை, பவுடர் தடத்தை அல்ல. டயர் கூடவே கூடாது. எங்கள் அணியில் ஒரே பருவத்தில் இரண்டு அலுமினிய மட்டைகள் அப்படித்தான் நசுங்கின. பந்தைத் தாண்டிப் பாய வேண்டிய மட்டையை டயர் பாதியில் நிறுத்திவிடுகிறது.

செல்வி:
அண்ணா, பந்து போன தூரத்தை நம்பித்தான் இவ்வளவு நாள் ஏமாந்தோம். எங்கள் திடல் சரிவானது. நுனியில் பட்ட பந்தும் செம்பனை வரிசை வரை உருளும். பிள்ளை அதை நல்ல அடி என்று நினைத்துக்கொள்வாள்.

இயற்பியல் ஆசிரியர், ஈப்போ:
மட்டையும் பந்தும் தொட்டிருப்பது ஏறத்தாழ வினாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு. கை உணர்வதற்குள் பந்து போய்விடும். எந்தத் திருத்தமும் அடுத்த அடிக்குத்தான். பேஸ்பால் மரமட்டையில் நுனியிலிருந்து சுமார் 5 முதல் 7 அங்குலத்துக்குள் பட்டால் அதிர்வு மிகக் குறைவு. விலகிப் பட்டால் மட்டை வளைந்து அதிரும்; பந்துக்குப் போக வேண்டிய ஆற்றலில் ஒரு பங்கு அதிலேயே வீணாகும். உள்ளங்கை விண்ணென்று வலிப்பது அதனால்தான். அமெரிக்காவின் மேஜர் லீக் பேஸ்பால் போட்டிகளில் 2015 முதல் எல்லாத் திடல்களிலும் ஸ்டாட்காஸ்ட் கருவி, பந்து மட்டையை விட்டுக் கிளம்பும் வேகத்தை அளக்கிறது. மணிக்கு 95 மைலும் அதற்கு மேலும் இருந்தால் பலமான அடி.

ஆனால் கேட்சர் அண்ணனின் கவலையும் நியாயமானது. சால்மோனி, ஷ்மிட், வால்ட்டர் மூவரும் 1984இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை, ஒவ்வொரு முயற்சிக்கும் பின்னூட்டம் (எப்படிச் செய்தார் என்ற தகவல்; இங்கே பவுடர் தடம்) தந்தால் கற்பவர் அதையே சார்ந்துவிடுவார் என்று எச்சரித்தது. பின்னூட்டத்தை எடுத்ததும் ஆட்டம் சரியலாம்.

பழைய கேட்சர்:
போட்டி நாளில் பவுடர் இருக்காது. எனக்கு அதுதான் பயம்.

செல்வி:
சரி, மாற்றிக்கொள்கிறேன். அடித்ததும் மட்டையைப் பார்க்காமல், எங்கே பட்டது என்று கையின் அதிர்வையும் ஓசையையும் வைத்துப் பிள்ளையே முதலில் சொல்லட்டும். ஐந்து அடிக்கு ஒரு முறை மட்டும் தடத்தைப் பார்க்கலாம். டயரை விடமாட்டேன். அதற்கென்று பழைய மட்டை ஒன்றை ஒதுக்கி, பாதி வேகத்தில் அடிக்கச் சொல்கிறேன்.

பழைய கேட்சர்:
ஊகிக்கவைப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. டயரை இன்னும் மறுக்கிறேன். அரிசிச் சாக்கில் கந்தல் துணியை அடைத்துத் தொங்கவிடுங்கள். அது மட்டையோடு நகரும், மணிக்கட்டும் நோகாது. என்னிடம் இரண்டு சாக்குகள் இருக்கின்றன. சனிக்கிழமை எத்தனை மணிக்குத் தொடங்குகிறீர்கள்?