புதுப்பிப்பு: அப்பாவின் அஞ்சறைப்பெட்டி

அப்பா எட்டாம் வகுப்பில் கைத்தொழில் பாடத்துக்காகச் செய்த வாகை மர அஞ்சறைப்பெட்டியைப் பற்றிப் போன மாதம் எழுதியிருந்தேன். 1974இல் செய்தது. ஒரு மூலை பிரிந்து, அடியில் மரம் உளுத்து மாவு கொட்டுகிறது, என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தேன். ஆணி அடிக்கச் சொன்னவர்களே அதிகம்.

நல்லவேளை, அடிக்கவில்லை. கோபியில் ஒரு பெரியவர், ஆசாரி, மூலையை முகர்ந்து பார்த்துவிட்டு, “ஏனுங், இது வச்சிரத்துல ஒட்டுனதுங்க. ஆணி அடிச்சா பொளந்துக்குமுங்க” என்றார். வச்சிரம் என்றால் விலங்குத் தோல், எலும்பைக் காய்ச்சி எடுக்கும் பசை. வெந்நீரில் நனைத்த துணியை வைத்ததும் பழைய பசை இளகி, பலகை தானாகக் கழன்றது. பல்லுப் பல்லாகக் கோத்த மூட்டு. ஒரு பல் மட்டும் கொஞ்சம் கோணல். அப்பா அதைக் கட்டைவிரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

உளுத்தது ஓரத்து வெளிறு, அதாவது மரத்தின் வெளிப்பக்க மென்மையான பகுதி, மட்டும்தான். வைரம் பாய்ந்த பகுதியைப் பூச்சி தொடவே இல்லை. வெளிறைச் செதுக்கி, வேறு வாகைத் துண்டு வைத்து, மறுபடி வச்சிரத்திலேயே ஒட்டினார். கோணல் பல்லை நேராக்கட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

அப்புறம், உள்ளே எண்ணெய் எதுவும் பூசவில்லை. நேற்று அம்மா கடுகு போட்டுவிட்டார்.