பொதுச் சுகாதாரத்தில் முதுமாணி படிக்க என்னிடம் இருக்கும் காரணம் போதுமானதா?

கேள்வி: விடுதித் தாதி, மட்டக்களப்பு

அனைவருக்கும் வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் சௌக்கிய பராமரிப்பு விஞ்ஞான பீடத்தில் தாதியியல் பட்டம் பெற்று, இப்போது மாவட்டத்தின் அரச வைத்தியசாலை ஒன்றில் ஆண்கள் சத்திரசிகிச்சை விடுதியில் கடமையாற்றுகிறேன். பொதுச் சுகாதாரத்தில் முதுமாணி படிக்க வேண்டும் என்ற எண்ணம் சில காலமாகவே மனதில் இருக்கிறது. விண்ணப்பப் படிவங்கள் எல்லாமே முதலில் கேட்பது, ஏன் இந்தத் துறை என்பதைத்தான். வீட்டிலும் அதையே கேட்கிறார்கள். நிரந்தர அரச வேலை கையில் இருக்கும்போது மறுபடியும் எதற்குப் படிப்பு என்று அம்மா கேட்டால், அவருக்கு விளங்கும்படி ஒரு பதிலை என்னால் சொல்ல முடியவில்லை.

என் காரணம் இதுதான். எங்கள் விடுதியில் நீரிழிவுப் புண்ணோடு தங்கியிருப்பவர்கள் இல்லாத நாளே இல்லை. அவர்களில் பலர் வாவிக்கு அப்பால் படுவான்கரையிலிருந்து வரும் விவசாயிகள். காலில் உணர்வு குறைந்துவிட்டதால், வயலில் வெறுங்காலோடு நிற்கும்போது முள் ஏறியது அவர்களுக்குத் தெரிவதில்லை; வலி இல்லாததால் காட்டவும் வருவதில்லை; புண் மணக்கத் தொடங்கிய பிறகுதான் வீட்டார் கூட்டி வருகிறார்கள். நாங்கள் கழுவி மருந்து கட்டுகிறோம். சிலர் விரலை இழந்தும், சிலர் பாதத்தையே இழந்தும் வீடு திரும்புகிறார்கள்.

அவர்களுடைய கிளினிக் கொப்பியைப் புரட்டிப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டது. பெரும்போகம் விதைக்கும் ஐப்பசி, கார்த்திகையிலும், அறுவடை நடக்கும் மாசி, பங்குனியிலும் பல கொப்பிகளில் பக்கங்கள் வெறுமையாக இருக்கின்றன. சீனி அளந்த பதிவும் இல்லை, மாத்திரை கொடுத்த பதிவும் இல்லை. ஒரு ஐயாவிடம் இதைக் கேட்டபோது, "வெட்டு மிஷின் வயலுக்க வந்து நிக்கக்குள்ள கிளினிக்குக்கு எப்பிடி மகள் வாற?" என்று திருப்பிக் கேட்டார். அவர் கேட்டதில் பிழை எதுவும் எனக்குத் தெரியவில்லை. கிளினிக் நாளைத் தீர்மானித்தவர்கள் வயலின் நாட்காட்டியைப் பார்க்கவில்லை என்றே எனக்குப் பட்டது. அதை யார் தீர்மானிக்கிறார்கள், எப்படி மாற்றலாம் என்பதையெல்லாம் படிக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

இது ஒரு பட்டப்பின் படிப்புக்குப் போதுமான காரணமா, அல்லது விடுதி வேலையின் களைப்பைத்தான் நான் வேறு பெயரில் சொல்லிக்கொண்டிருக்கிறேனா? வைத்தியர் அல்லாத ஒருவருக்கு இந்தத் துறையில் உண்மையிலேயே இடம் இருக்கிறதா? அனுபவமுள்ளவர்கள் தயவுசெய்து சொல்லுங்கள்.

பதில்: சுகாதார வைத்திய அதிகாரி, அம்பாறைக் கரையோரம்

அன்புச் சகோதரி, நீங்கள் காரணம் என்று எழுதியிருப்பது உண்மையில் ஓர் ஆய்வுக் கேள்வி. மக்களுக்குச் சேவை செய்யும் ஆசை இந்தத் துறைக்கு விண்ணப்பிக்கும் எல்லோரிடமும் இருக்கிறது. நல்ல கேள்வியோடு வருபவர்கள் குறைவு. ஆகவே போதுமா என்ற உங்கள் சந்தேகத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

ஆனால் அந்தக் கேள்விக்கு விடுதியில் இருந்தபடியே விடை சொல்லிவிட முடியாது என்பதையும் கவனியுங்கள். புண்ணோடு வந்தவர்களின் கொப்பிகளை மட்டுமே நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். அதே அறுவடை மாதங்களில் கிளினிக்கைத் தவறவிட்டும் புண் வராமல் வீட்டில் இருப்பவர் எத்தனை பேர், மாதம் தவறாமல் வந்தும் விரலை இழந்தவர் எத்தனை பேர் என்பது அந்தக் கொப்பிகளில் இல்லை. இன்னொன்றையும் யோசியுங்கள்: அறுவடைக் காலத்தில் கிளினிக்கும் தவறுகிறது, காலில் முள் ஏறுவதும் கூடுகிறது. இரண்டும் வயல் வேலையால் ஒரே வேளையில் நடப்பவை என்றால், கிளினிக் தவறியதுதான் புண்ணுக்குக் காரணம் என்று நாம் தவறாக முடிவு செய்யக்கூடும். அப்படியானால் கிளினிக் நாளை மாற்றுவதை விட, வயலுக்கு ஏற்ற காலணியும், மாலையில் பாதத்தைக் கழுவிப் பார்க்கும் பழக்கமும் அதிக பயன் தரலாம். இப்படிப் பிரித்துப் பார்க்கக் கற்பிப்பதுதான் தொற்றுநோயியலும் உயிர்ப்புள்ளியியலும். பெயரில் தொற்று இருந்தாலும் நீரிழிவு, விபத்து, தற்கொலை எல்லாமே தொற்றுநோயியலுக்குள் அடங்கும். முதுமாணியின் முதல் பகுதி பெரும்பாலும் இந்த இரண்டு பாடங்களோடுதான் போகும். கணக்கில் பயம் இருந்தால் இப்போதே அதைப் போக்கிக்கொள்ளுங்கள்.

இந்த வேலை வெளியில் இருப்பவர்களுக்குத் தெரிவதில்லை என்பதால் ஓர் உதாரணம் சொல்கிறேன். எங்கள் பகுதியில் வடகீழ்ப் பருவமழையோடு டெங்கு ஏறும். வைத்தியசாலையில் ஒருவருக்கு டெங்கு என்று சந்தேகம் வந்தவுடன், பரிசோதனையின் முடிவுக்குக் காத்திராமல், எச் 544 என்ற அறிவித்தல் படிவம் நிரப்பப்பட்டு எங்கள் பணிமனைக்கு வர வேண்டும். அதைப் பதிவேட்டில் ஏற்றியதும் பொதுச் சுகாதார பரிசோதகர் அந்த வீட்டுக்குப் போய், நோயாளி உண்மையில் அங்கே வசிப்பவரா, எங்கே வேலை செய்பவர், சுற்றியுள்ள வளவுகளில் நுளம்புக் குடம்பி இருக்கிறதா என்றெல்லாம் விசாரித்து எழுதுவார். ஒவ்வொரு வாரமும் எங்கள் திரட்டு கொழும்பிலுள்ள தொற்றுநோயியல் பிரிவுக்குப் போகும். அந்தத் தாள் வைத்தியசாலை மேசையில் சில நாட்கள் கிடந்துவிட்டால், பரிசோதகர் போய்ச் சேர்வதற்குள் அதே ஒழுங்கையில் அடுத்த வீட்டுப் பிள்ளைக்கும் காய்ச்சல் வந்திருக்கும். 2017இல் நாடு முழுவதும் 186,000க்கும் மேற்பட்டோர் டெங்கு நோயாளராக அறிவிக்கப்பட்ட ஆண்டில், ஒவ்வொரு பணிமனையும் இந்தத் தாள்களோடுதான் போராடியது. விடுதியில் கடமையாற்றும் நீங்கள் இந்தச் சங்கிலியின் முதல் கண்ணியில் ஏற்கெனவே நிற்கிறீர்கள்.

தொழுநோயையும் நினைத்துப் பாருங்கள். வாவியின் நடுவே மாந்தீவில் தொழுநோயாளரைத் தனிமைப்படுத்தி வைத்த காலம் போய்விட்டது. இப்போது 6 அல்லது 12 மாதக் கூட்டு மருந்து இலவசமாகவே கிடைக்கிறது, குணமும் ஆகிறது. அப்படியிருந்தும் இரு மாவட்டங்களிலும் புதிய நோயாளர்கள் இன்னும் கண்டறியப்படுகிறார்கள். உணர்வற்ற தேமல் வலிப்பதும் இல்லை, கடிப்பதும் இல்லை. கிருமி தொற்றி நோய் வெளிப்படப் பல ஆண்டுகள் ஆகும். அயலார் என்ன சொல்வார்களோ என்ற பயமும் இருக்கிறது. மருந்து இருந்தும் நோய் போகாததன் காரணத்தைத் தேடுவதற்கு மருத்துவப் படிப்பு மட்டும் போதாது.

உங்கள் கடைசிக் கேள்விக்கு நேராகவே விடை சொல்ல வேண்டும். சுகாதார வைத்திய அதிகாரி, சமுதாய மருத்துவ நிபுணர் ஆகிய பதவிகள் வைத்தியர்களுக்கு உரியவை. கொழும்பு பட்டப்பின் மருத்துவ நிறுவகத்தின் சமுதாய மருத்துவ முதுமாணியும் அவ்வாறே. முதுமாணி முடித்ததால் மட்டும் உங்கள் பதவி தானாக மாறாது. தாதியருக்கென்று உள்ள வழிகள் வேறு. பணிமனைகளில் பொதுச் சுகாதாரத் தாதிய சகோதரியாகக் குடும்பநல உத்தியோகத்தர்களின் வேலையை மேற்பார்வை செய்யலாம், பல்கலைக்கழகத்தில் கற்பிக்கலாம், ஆய்விலோ சர்வதேச நிறுவனங்களிலோ சேரலாம். இதை வீட்டாரிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்.

பதில்: ஓய்வுபெற்ற பொதுச் சுகாதார பரிசோதகர், கல்முனை

மகள், படிப்பைப் பற்றி டொக்டர் எழுதிவிட்டார். இந்த வேலையில் ஒரு மனிதர் எதை நம்பி நீடிக்கிறார் என்பதைப் பற்றி நான் எழுதுகிறேன், ஏனென்றால் படிப்பு முடிந்த பிறகு அதுதான் உங்களுக்குத் தேவைப்படும்.

2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் வந்தபோது இலங்கையில் அதிக உயிர்களை இழந்தது எங்கள் அம்பாறை மாவட்டம்தான். உயிர் தப்பியவர்கள் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் நெருக்கியடித்துக்கொண்டு இருந்தார்கள். கிணறுகளெல்லாம் உப்பாகிச் சேறாகிக் கிடந்தன. அடுத்ததாக வயிற்றோட்டமும் வாந்திபேதியும் வந்து மிச்சமுள்ளவர்களையும் கொண்டுபோய்விடும் என்று வெளிநாட்டுச் செய்திகள் வரை எச்சரித்தன. தங்கள் வீட்டிலேயே ஆட்களை இழந்திருந்த பரிசோதகர்களும் குடும்பநல உத்தியோகத்தர்களும் குளோரின் வாளியோடு முகாம் முகாமாகப் போனார்கள். தண்ணீர்த் தாங்கி ஒவ்வொன்றிலும் குளோரின் அளவு பார்த்தார்கள். மலசலகூடக் குழி எங்கே வெட்டுவது, சமையல் எங்கே நடப்பது என்பதற்காக முகாம் பொறுப்பாளர்களோடு சண்டை பிடித்தார்கள். பயந்த கொள்ளைநோய் வரவில்லை. வராத நோய்க்காக யாரும் எங்களைத் தேடிவந்து நன்றி சொல்லவில்லை. அதை எதிர்பார்க்கவும் முடியாது. விடுதியில் குணமாகிப் போகும் நோயாளி உங்கள் கையைப் பிடித்துக் கும்பிடுவார். பொதுச் சுகாதாரத்தில் நீங்கள் காப்பாற்றியவர் யார் என்பது உங்களுக்கும் தெரியாது, அவருக்கும் தெரியாது. அது உங்களுக்குப் போதுமா என்று நிதானமாக யோசித்துப் பாருங்கள்.

வேலை நடந்து முடிந்தது போலத் தெரியும் காலம்தான் மிகவும் ஆபத்தானது. 1963இல் நாடு முழுவதிலும் வெறும் 17 மலேரியா நோயாளர்களே பதிவானார்கள். மலேரியா ஒழிந்துவிட்டது என்று மருந்தடிப்பும் கண்காணிப்பும் தளர்ந்தன. அந்தப் பத்தாண்டு முடிவதற்குள் நோயாளர் தொகை ஐந்து இலட்சத்தைத் தாண்டியது. மறுபடியும் அடியிலிருந்து வேலை செய்து, 2012க்குப் பிறகு உள்நாட்டுத் தொற்றே இல்லை என்ற நிலைக்கு வந்து, 2016 செப்டெம்பரில்தான் உலக சுகாதார நிறுவனத்தின் சான்றிதழ் கிடைத்தது. மலேரியா நுளம்பு இன்றைக்கும் நம் நாட்டில் இருக்கிறது. வெளிநாட்டிலிருந்து காய்ச்சலோடு வருபவரின் இரத்தத்தை எடுத்துப் பார்க்கும் வேலையும் அதனால்தான் நிற்கவில்லை. இந்த நிற்காத வேலைக்குப் படித்த இளையவர்கள் வர வேண்டும் என்று நான் மனதார விரும்புகிறேன்.

பதில்: தாதி உத்தியோகத்தர், அக்கரைப்பற்று

சகோதரிக்கு வாழ்த்துகள். ஒரு மாற்றுக் கருத்தையும் பதிவு செய்ய விரும்புகிறேன். 2022இன் நெருக்கடிக்குப் பிறகு எத்தனையோ வைத்தியர்களும் தாதியரும் நாட்டை விட்டுப் போய்விட்டார்கள். அனுபவமுள்ள தாதி ஒருவர் விடுதியை விட்டுப் போனால் அந்த இடம் எளிதில் நிரம்புவதில்லை. படிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. சம்பள உயர்வும் வெளிநாட்டு வாய்ப்பும் உங்கள் காரணங்களில் இருந்தால் அதில் குற்றமும் இல்லை. ஆனால் அதை உங்களுக்குள் தெளிவாக ஒப்புக்கொண்டு தீர்மானியுங்கள். முடிந்தால் கடமையை விடாமல் தொலைக்கல்வியாகப் படிக்கும் வழியைப் பாருங்கள். கொப்பிகளைப் பற்றிய அந்தக் கேள்வி வேலையில் இருக்கும்போது தோன்றியது. விடையும் வேலையில் இருந்தபடியே தேடப்பட்டால் நல்லது.

கேள்வி கேட்டவர்: விடுதித் தாதி, மட்டக்களப்பு

எல்லோருக்கும் மிக்க நன்றி. டொக்டர் எழுதியதை வாசித்த பிறகு, புண் வராதவர்களை நான் ஒருபோதும் எண்ணிப் பார்த்ததில்லை என்பது எனக்கு உறைத்தது. அவர்களைத் தேட வேண்டும் என்ற ஆவல் இப்போது முன்னையதை விடக் கூடியிருப்பதால், களைப்பினால் மட்டும் இதைக் கேட்கவில்லை என்பதும் தெளிவாகிவிட்டது. கல்முனை ஐயா கேட்ட கேள்விக்கும் என்னிடம் விடை உண்டு. கால் வெட்டப்படாமலேயே ஒருவர் வயலில் நிற்கிறார் என்றால், அவர் என்னை அறியத் தேவையில்லை.

அக்கரைப்பற்றுச் சகோதரர் சொன்னபடி தொலைக்கல்வியையே முதலில் பார்க்க நினைக்கிறேன். ஏன் இந்தத் துறை என்று விண்ணப்பத்தோடு எழுதும் நோக்கக் கூற்றில் இந்தக் கொப்பி விடயத்தை எழுதலாமா? நோயாளரின் தகவல் என்பதால் தயக்கமாக இருக்கிறது.

பதில்: பொதுச் சுகாதார முதுமாணி பெற்றவர், திருக்கோவில்

அக்கா, நானும் வைத்தியர் அல்லாதவன். விஞ்ஞானப் பட்டத்தோடு இந்தத் துறைக்கு வந்தவன்.

கொப்பி விடயத்தை எழுதலாம், எழுதவும் வேண்டும். ஆனால் எந்த நோயாளியையும் எந்த வைத்தியசாலையையும் அடையாளம் காண முடியாதபடி, நீங்கள் கவனித்த போக்கை மட்டும் எழுதுங்கள். எண்ணிக்கை எதையும் சேர்க்காதீர்கள். கொப்பிகளிலிருந்து முறையாகத் தரவு எடுப்பதற்கு வைத்தியசாலையின் அனுமதியும் நெறிமுறைக் குழுவின் அங்கீகாரமும் வேண்டும். அந்த அனுமதி பெறுவதே நல்ல பயிற்சி என்பதால், உங்கள் பீடத்தில் கற்பித்த விரிவுரையாளர் ஒருவரை இப்போதே அணுகுங்கள்.

கூற்றின் முதல் பந்தியிலேயே அந்த வெறுமையான பக்கங்களை வையுங்கள். சிறு வயது முதலே சேவை மனப்பான்மை இருந்தது என்று தொடங்கும் கூற்றுகளை வாசிப்பவர்கள் நிறையவே பார்த்துவிட்டார்கள். அடுத்த பந்தியில், உங்கள் கவனிப்பிலிருந்து எதை முடிவு செய்ய முடியாது என்று டொக்டர் சொன்னதை உங்கள் சொற்களில் எழுதுங்கள். தன் ஊகத்தின் எல்லை தெரிந்தவர் என்பதை அது காட்டிவிடும். அதன் பின்னரே எந்தப் பாடம் உங்களுக்கு ஏன் தேவை என்று எழுதுங்கள்.

லண்டனின் சுகாதார, வெப்பமண்டல மருத்துவக் கல்லூரி பொதுச் சுகாதார முதுமாணியைத் தொலைக்கல்வியாக நடத்துகிறது. பொதுநலவாயப் புலமைப்பரிசில்களிலும் தொலைக்கல்விக்கென்று ஒரு பிரிவு உண்டு. நாட்டில் இருந்தபடியே படிக்கலாம். நேரில் போய்ப் படிக்க நினைத்தால் பிரித்தானிய அரசின் செவனிங், அவுஸ்திரேலிய அரசின் அவுஸ்திரேலியா அவார்ட்ஸ் ஆகிய புலமைப்பரிசில்கள் இரண்டையும் பாருங்கள். படிப்பு முடிந்ததும் குறைந்தது இரண்டு ஆண்டுகளுக்கு நாடு திரும்ப வேண்டும் என்று செவனிங்கும், அவுஸ்திரேலியாவை விட்டுக் குறைந்தது இரண்டு ஆண்டுகள் வெளியே இருக்க வேண்டும் என்று அவுஸ்திரேலியா அவார்ட்ஸும் நிபந்தனை வைத்திருக்கின்றன. சகோதரரின் கவலைக்கு அது ஓரளவு விடையாகும். தகுதி விதிகள் ஆண்டுக்கு ஆண்டு மாறுவதால் அந்தந்த இணையத்தளத்தில் சரிபார்த்த பின்பே விண்ணப்பியுங்கள்.

படிப்புத் தொடங்கும் முன்பே செய்யக்கூடிய ஒன்றும் இருக்கிறது. கிளினிக்குப் பொறுப்பான வைத்தியரிடம், அறுவடை மாதங்களில் நிலையாக இருக்கும் நோயாளருக்கு இரண்டு மாத மருந்தை ஒருமித்துக் கொடுக்க முடியுமா, அதற்கு மருந்துக் களஞ்சியத்தில் இருப்புப் போதுமா என்று கேட்டுப் பாருங்கள். அவர் என்ன தடைகளைச் சொல்கிறார் என்பதையும் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கூற்றின் மூன்றாவது பந்தி அதிலிருந்தே வரும். வரைவை எழுதியதும் இங்கே இடுங்கள், வாசித்துக் கருத்துச் சொல்கிறேன்.