கைதான பையனுக்கு லோயர் வைக்க வசதியில்லை: கொழும்பில் யாரிடம் போவது?

புறக்கோட்டை வாசி:
கடையில் வேலை செய்யும் 22 வயதுப் பையனை இன்று (வெள்ளி) பின்னேரம் பொலிஸ் கொண்டுபோய்விட்டது. திருட்டுப் போன்களை வாங்கி வைத்திருந்தானாம். ஊர் ஹட்டன் பக்கம் தோட்டம், தாய் மட்டும்தான். சிங்களம் பேசுவான், வாசிக்கத் தெரியாது. அரசாங்கம் இலவசமாக லோயர் தரும் என்கிறார்களே, அது எங்கே கிடைக்கும்? நாளைக்குள் நாங்கள் செய்ய வேண்டியது என்ன?

புதுக்கடைப் பக்கம்:
முதலில் நேரத்தைப் பாருங்கள். சாதாரண சட்டத்தில் பிடித்தவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். அப்படியென்றால் நாளை சனிக்கிழமையே. வார இறுதியில் பெரும்பாலும் பதில் நீதவான் முன், சில வேளை அவர் வீட்டிலேயே நிறுத்துவார்கள். நீங்கள் கேட்கும் இலவச சட்டத்தரணியைத் தரும் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகம் அன்று பூட்டு. ஆகவே நாளைய ஒரு தவணைக்கு மட்டும் தனியார் சட்டத்தரணி ஒருவரைப் பிடியுங்கள். "நாளை ஆஜராக மட்டும் எவ்வளவு" என்று முதலே பேசி, பற்றுச்சீட்டு வாங்குங்கள். நீதிமன்ற வாசலில் "ஐயாவைத் தெரியும்" என்று காசு கேட்கிற தரகரிடம் ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

இன்றிரவே நிலையப் பொறுப்பதிகாரியிடம் மூன்று விஷயம் கேளுங்கள்: எந்தக் குற்றச்சாட்டு, எந்த நீதிமன்றம், எத்தனை மணிக்கு. சட்டத்தரணி பொலிஸ் நிலையத்துக்கே போய் அவனுக்காகப் பேசலாம். 2012இல் வர்த்தமானியில் வந்த விதிகள் அதற்கு இடம் தருகின்றன.

வாக்குமூலம்தான் பெரிய ஆபத்து. பொலிஸ் அதிகாரியிடம் கொடுத்த குற்ற ஒப்புதலை அவனுக்கு எதிரான சாட்சியமாக எடுக்க முடியாது (சாட்சியக் கட்டளைச் சட்டம், பிரிவு 25). அதை நம்பிச் சும்மா இருந்துவிடாதீர்கள். "போனை இன்ன இடத்தில் வைத்திருக்கிறேன்" என்று சொல்லி, அங்கிருந்து அது எடுக்கப்பட்டால், சொன்னதில் அந்தத் துண்டு மட்டும் 27ஆம் பிரிவால் சாட்சியமாக உள்ளே வரும். திருட்டுப் பொருள் வழக்குகளில் அந்த ஒரு வரியே வழக்கைத் தூக்கி நிறுத்திவிடும். வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதினால், தமிழில் வாசித்து விளக்கும்வரை கையெழுத்துப் போட மாட்டேன் என்று அவன் மரியாதையாகச் சொல்லலாம்.

பிணைக் காகிதம்:
சட்டத்தரணி வந்தும் பலர் ரிமாண்டுக்குப் போவது பிணையாளர் இல்லாமல்தான். 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி பிணை கொடுப்பதே பொது விதி, மறுப்பது விதிவிலக்கு. வரமாட்டான், சாட்சிகளைக் குழப்புவான், பிணையில் இருந்துகொண்டு வேறு குற்றம் செய்வான், வெளியே விட்டால் பொதுமக்கள் கொந்தளிப்பார்கள் என்பவைதான் மறுக்கக் காரணங்கள். கொழும்பில் நிலையான விலாசம் இல்லாத பையன் முதல் காரணத்திலேயே மாட்டுவான். கடை முதலாளி விலாசத்தையும் வேலையையும் எழுதிக் கையெழுத்திட்ட கடிதத்தோடு நேரில் வந்து நிற்கட்டும்.

சரீரப் பிணைக்கு (ஒருவர் பொறுப்பேற்று ஒப்பமிடும் பிணை) அடையாள அட்டையும், கிராம சேவகர் தந்து பிரதேச செயலாளர் மேலொப்பமிட்ட வதிவிடச் சான்றிதழும் வழக்கமாகக் கேட்பார்கள். சனிக்கிழமை அந்த மேலொப்பம் கிடைக்காது. நாளை பிணை வந்து காகிதம் சரிவராவிட்டால் திங்கள்வரை உள்ளேதான். திங்கள் அன்றும் மத்தியானத்துக்கு முன் நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் ஒப்பமிடப் பாருங்கள். பிந்தினால் சிறைக்கு விடுதலைக் கட்டளை போய்ச் சேராமல் இன்னொரு இரவு கழியும்.

புறக்கோட்டை வாசி:
தாய் ஹட்டனிலிருந்து வந்து பிணை நிற்கலாமா? திங்கள் ஆணைக்குழுவுக்கு என்ன கொண்டுபோக வேண்டும்?

புதுக்கடைப் பக்கம்:
நிற்கலாம், ஆனால் அவருடைய சான்றிதழ் அவருடைய பிரதேச செயலகத்திலேயே எடுக்க வேண்டும். ஆகவே கொழும்பு விலாசம் உள்ள இன்னொருவரையும் தயாராக வையுங்கள்.

சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தால் வந்தது. தலைமை அலுவலகம் புதுக்கடை நீதிமன்ற வளாகத்தில் இருக்கிறது. தாயோ நெருங்கிய உறவினரோ போனால் போதும். அடையாள அட்டை, வருமானத்தைக் காட்டும் கிராம சேவகர் கடிதம், பி அறிக்கை (பொலிஸ் நீதவானுக்குக் கொடுக்கும் அறிக்கை) இலக்கம், அடுத்த தவணைத் திகதி ஆகியவை கையில் இருக்கட்டும். பி இலக்கம் இல்லாமல் போனால் அலைய வேண்டியதுதான். நாளை நீதிமன்றத்தில் அதை ஒரு துண்டில் எழுதி வாங்குங்கள்.

ஒரு குழப்பத்தையும் தீர்க்க வேண்டும். மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் கையளிக்கும்போது வசதியில்லை என்று சொன்னால், நீதிபதி அரச செலவில் சட்டத்தரணியை ஒதுக்குவார். நீதவான் நீதிமன்றத்தில் அப்படித் தானாக வரும் என்று காத்திருக்காதீர்கள். அங்கே நாம் போய்க் கேட்டால்தான் உண்டு.

மாளிகாவத்தை:
அடையாள அணிவகுப்பு (பலரோடு நிறுத்திச் சாட்சிகளை அடையாளம் காட்டச் சொல்வது) கேட்டிருக்கிறார்களா என்று பாருங்கள். கேட்டிருந்தால் அது முடியும்வரை பிணை இழுபடும். கொண்டுபோகும்போதும் கொண்டுவரும்போதும் சாட்சிகள் பார்க்காதபடி முகத்தை மூட வேண்டும். யாராவது அவனைச் சாட்சிகளுக்கு முன்னரே காட்டிவிட்டால், சட்டத்தரணி அன்றே நீதவானிடம் சொல்லிப் பதிய வேண்டும். பிறகு சொன்னால் எடுபடாது. அடித்திருந்தாலும் இதேதான்: முதல் நாளே திறந்த மன்றில் சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பக் கேட்க வேண்டும். மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற தொலைபேசி இலக்கத்துக்கும் அழையுங்கள்.

நீதிமன்ற மொழி சிங்களமாக இருந்தால் அரச செலவில் தமிழ் மொழிபெயர்ப்புக் கேட்க அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரையில் உரிமை உண்டு. "விளங்குது" என்று தலையாட்டிவிட வேண்டாம் என்று பையனுக்குச் சொல்லுங்கள்.

பிணைக் காகிதம்:
இன்னொன்று. "குற்றத்தை ஒப்புக்கொள், தண்டப்பணத்தோடு போயிடலாம்" என்று யாராவது சொன்னால், சட்டத்தரணியிடம் பேசாமல் தலையசைக்கக் கூடாது. அது குற்றத்தீர்ப்பாகப் பதிவாகும். பிற்காலத்தில் கட்டாருக்கோ துபாய்க்கோ போக பொலிஸ் நற்சான்றிதழ் எடுக்கும்போது அங்கே வந்து நிற்கும். அவசரத்தில் ஒப்புக்கொண்டுவிட்டால், நீதவானின் தீர்ப்புக்கு எதிரான மேன்முறையீட்டுக்கு 14 நாள்தான் இருக்கிறது. ஒப்புக்கொண்டதற்குப் பிறகு அந்த மேன்முறையீட்டுக்கும் பெரிய பலம் இருக்காது.